தேர்தல் காலப் பதாகைகள்: சுவர் யாருடையது, பொறுப்பு யாருடையது?

தமிழ்நாட்டிலோ இலங்கையிலோ தேர்தல் அறிவிக்கப்படும் ஒவ்வொரு முறையும் அல் கோபாரில் வாழும் தமிழரிடையே சில கேள்விகள் எழுகின்றன. குடியிருப்பின் மாடிமுகப்பில் கட்சிக் கொடியைக் கட்டலாமா? உணவகத்தின் கண்ணாடிக் கதவில் தலைவரின் படத்தை ஒட்டலாமா? ஊரில் நண்பர்கள் அச்சிடும் சுவரொட்டியில் ‘சவூதி வாழ் நண்பர்கள்’ என்று நம் பெயரையும் படத்தையும் சேர்க்கச் சொல்லலாமா? கேள்விகள் சிறியவைபோல் தோன்றலாம். ஆயினும் முதல் இரண்டில் தவறுபவர் தம் வேலையையும் இக்காமாவையும் இடருக்கு உள்ளாக்குகிறார். மூன்றாவதில் தவறுபவர், தாம் ஆதரிக்கும் வேட்பாளரையே தேர்தல் அலுவலரின் முன் விளக்கம் சொல்லும் நிலைக்குத் தள்ளக்கூடும்.

நம்மில் பெரும்பாலோர்க்கு வாழும் இடம் ஒன்று, வாக்குள்ள இடம் வேறு. ஆகவே அல் கோபாரின் விதிகளை மட்டும் கூறினால் இப்பாடம் அரைகுறையாக நின்றுவிடும். இங்குள்ள விதிகளை முதலிலும், ஊரிலுள்ள விதிகளைப் பின்னரும் காண்போம்.

இடம் வேறு, செய்தி வேறு

பதாகை பற்றிய எந்த விதியிலும் இரண்டு கேள்விகள் அடங்கியுள்ளன. பதாகை எங்கே நிற்கிறது என்பது ஒன்று. அதில் என்ன எழுதப்பட்டிருக்கிறது என்பது மற்றொன்று. உள்ளாட்சி நிர்வாகம் முதலில் கேட்பது முதற்கேள்வியையே. அந்தச் சுவர் யாருடையது, ஒட்டுவதற்கு அனுமதித்தவர் யார், வாகன ஓட்டியின் பார்வையை அது மறைக்கிறதா, காற்றில் விழுமா, விழுந்தால் பொறுப்பேற்பவர் யார், காலம் முடிந்தபின் அகற்றப்போவது யார் என்பனவே அதன் கவலை. செய்தியின் தன்மையைப் பிற சட்டங்கள் கவனிக்கின்றன.

இவ்வேறுபாட்டை அறியாதவர் கூறும் சமாதானம் ஒன்று உண்டு: “இதில் அரசியல் ஏதுமில்லை, வெறும் பிறந்தநாள் வாழ்த்துத்தான்.” விளக்குக் கம்பத்தில் அனுமதியின்றிக் கட்டிய பிறந்தநாள் வாழ்த்தும், வாடகைக்கு அறை உண்டு என்னும் அறிவிப்பும், கட்சிப் பதாகையும் முதற்கேள்வியின்முன் ஒரே தட்டில் நிற்பவை. வாசகம் எவ்வளவு இனியதாயினும் கம்பம் ஒட்டியவருக்குச் சொந்தமாகிவிடாது. அரசியல் செய்தியாயின், இரண்டாவது கேள்வியும் சேர்ந்துகொள்கிறது. அவ்வளவே வேறுபாடு.

அல் கோபாரின் சாலைகள், நடைபாதைகள், சாலைநடுத் திட்டுகள், கார்னிஷ் கடற்கரைப் பூங்காக்கள் ஆகியவை, நாம் ‘பலதியா’ என்று அழைக்கும் நகராட்சியின் பராமரிப்பில் உள்ளன. அல் கோபார் பலதியா, கிழக்கு மாகாண அமானாவின் கீழ் இயங்குவது. பொது இடத்தில் விளம்பரம் வைக்க அதன் உரிமம் வேண்டும். கடையின் பெயர்ப்பலகைகூட வணிக உரிமத்துடன் சேர்ந்து ‘பலதி’ இணையத் தளத்தின் வாயிலாக அனுமதி பெறுவதாகும். பெயர்ப்பலகைக்குக் கிடைத்த அனுமதி அப்பெயர்ப்பலகைக்கு மட்டுமே உரியது. உணவக உரிமையாளர் அதன்கீழ் ஒரு தலைவரின் படத்தைத் தொங்கவிடுவதற்கு அது இடமளிப்பதாகக் கொள்ளலாகாது.

இவற்றோடு, 2019 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த பொது நாகரிக ஒழுங்குவிதியையும் அறிந்திருத்தல் நலம். அது அபராதத்துக்குரிய 19 வகை மீறல்களை வரையறுத்தது. பொது இடச் சுவர்களிலும் போக்குவரத்து வாகனங்களிலும் அனுமதியின்றி எழுதுவது, வரைவது, பொது இடங்களில் அனுமதியின்றி விளம்பர ஒட்டிகளை ஒட்டுவது, துண்டறிக்கை வழங்குவது ஆகியவை அவற்றுள் அடங்கும். குடிமக்களுக்கும், இங்குப் பணிபுரிவோர்க்கும், சுற்றுலாப் பயணியர்க்கும் இது பொதுவானது.

தனியார் கட்டடம் எனில் விதி தளர்ந்துவிடும் என்று எண்ணுவோர் உளர். வாடகைதாரருக்கு உரியது வீட்டின் உட்பகுதி. தெருவை நோக்கிய புறச்சுவர் கட்டட உரிமையாளருடையது. தொழிலாளர் கேம்பின் சுற்றுச்சுவர் நிறுவனத்துடையது. அங்கு ஒரு சுவரொட்டி காணப்படின், முதலில் விளக்கம் கேட்கப்படுபவர் ஒட்டியவர் அல்லர். கட்டட உரிமையாளரோ நிறுவனமோ ஆவர். அக்கேள்வி பின்னர் யாரிடம் வந்து சேரும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. மேலும், வடமேற்கிலிருந்து வீசும் ஷமால் காற்றை இந்நகரில் வாழ்வோர் நன்கறிவர். மாடிமுகப்பில் கயிற்றால் கட்டிய துணிப்பதாகை அக்காற்றில் அறுந்து கீழே செல்லும் வாகனத்தின் முகப்புக் கண்ணாடியை மூடினால், அது எந்தக் கட்சியுடையது என்பது அப்போது பொருளற்றதாகிவிடும்.

இந்நகரம் கண்ட தேர்தல்கள்

அல் கோபாரில் தேர்தலே நடந்ததில்லை என்று நம்மவர் பலர் நினைக்கின்றனர். நகராட்சி மன்றத் தேர்தல்கள் 2005, 2011, 2015 ஆகிய ஆண்டுகளில் நடைபெற்றன. மன்ற உறுப்பினருள் பாதிப்பேர் தேர்ந்தெடுக்கப்பட வேண்டும் என 1977ஆம் ஆண்டின் நகராட்சிகள் சட்டமே கூறியிருந்தது. எனினும் அது நாடு முழுவதும் நடைமுறையானது 2005இல்தான். அத்தேர்தல் மூன்று கட்டங்களாக நடந்தது. ரியாத் பகுதி பிப்ரவரி 10 அன்று வாக்களித்தது. அல் கோபார் அடங்கிய கிழக்கு மாகாணம் தென்மேற்கு மாகாணங்களுடன் சேர்ந்து மார்ச் 3 அன்று வாக்களித்தது. எஞ்சிய பகுதிகளுக்கு ஏப்ரல் 21.

அந்த முதல் தேர்தலில் ரியாத் வேட்பாளர்கள் கூடாரம் அமைத்து விருந்தளித்தனர். சாலையோரங்களில் பெரிய விளம்பரத் தட்டிகள் எழுந்தன. கட்சிகள் இல்லாத நாட்டில் வேட்பாளர் ஒவ்வொருவரும் தம் பெயராலேயே நின்றமையால், தட்டியில் தெரிய வேண்டியது ஆள்தான் என்று கருதினர் போலும். பத்தாண்டுகளுக்குப் பின் நிலை பெரிதும் மாறியது.

2015 டிசம்பர் 12 அன்று நடந்த மூன்றாவது தேர்தலில் பெண்கள் முதன்முறையாக வாக்களித்தனர், போட்டியும் இட்டனர். வாக்களிக்கும் வயது 21இலிருந்து 18 ஆகக் குறைக்கப்பட்டது. தேர்ந்தெடுக்கப்படும் இடங்கள் பாதியிலிருந்து மூன்றில் இரண்டு பங்காக உயர்த்தப்பட்டன. நாட்டின் 284 மன்றங்களுக்கு ஏறத்தாழ 7,000 வேட்பாளர்கள் நின்றனர். அவர்களுள் பெண்கள் 900க்கு மேற்பட்டோர். வென்ற பெண்கள் ஏறத்தாழ 20 பேர். நம் பாடத்திற்கு இன்றியமையாதது இனி வருவது: பரப்புரைக்கு நவம்பர் 29 முதல் 12 நாட்களே அளிக்கப்பட்டன, வேட்பாளரின் உருவப்படத்தை விளம்பரத்தில் பயன்படுத்துவது ஆண், பெண் இருபாலர்க்கும் தடைசெய்யப்பட்டது.

படமில்லாத் தேர்தல் விளம்பரம் என்பது நமக்கு வியப்பளிப்பது. நம் ஊர்ச் சுவரொட்டியிலிருந்து படங்களை நீக்கிவிட்டால் எஞ்சுவது என்ன என்று ஒருவர் எண்ணிப்பார்க்கலாம். ஒரு பெயரும், அதற்குமுன் நான்கைந்து அடைமொழிகளும், கீழே வாழ்த்துவோர் பட்டியலுமே மிஞ்சும். ஒரு பாலாரின் படம் தெருவில் நிற்க, மறுபாலாரின் படம் நிற்க இயலாத சூழலில், இருவர் படத்தையும் விலக்குவதே சமநிலை என்று இங்குள்ள விதி கொண்டது. அதனால் வேட்பாளர் தம் திட்டத்தை எழுத்தில் சொல்லவேண்டியதாயிற்று. பலர் சமூக ஊடகங்களை நாடினர். அவ்விதியைப் பற்றி எவ்வாறு கருதினாலும், குடிமக்களாகிய வேட்பாளர்களே தம் நகரின் தெருவில் தம் படத்தை வைக்க இயலாதிருந்த ஊர் இது என்பதை நினைவிற் கொண்டால், வேறொரு நாட்டின் வேட்பாளரது படத்தை இங்கு ஒட்டுவது எவ்வளவு பொருந்தாதது என்பது விளங்கும்.

பாலத்தின் மறுமுனையில் காட்சி வேறு. 1986இல் திறக்கப்பட்ட மன்னர் ஃபஹத் பாலத்தைக் கடந்து பஹ்ரைன் சென்றோர், 2022 நவம்பரில் நடந்த நாடாளுமன்ற, நகராட்சித் தேர்தல்களின்போது சாலையோரம் முழுதும் வேட்பாளர்களின் முகங்களைக் கண்டிருப்பர். ஒரு மணி நேரத்திற்குள் கடக்கக்கூடிய இரு கரைகளில் விதிகள் இவ்வாறு மாறுகின்றன. அங்கே கண்டதை இங்கே செய்யலாம் என்று முடிவு செய்தல் கூடாது.

இங்கு வாக்கில்லாதவர் நிலை

அரசியல் கட்சி என்னும் அமைப்புக்குச் சவூதி அரேபியாவின் சட்டத்தில் இடமில்லை. ஊர்வலம், ஆர்ப்பாட்டம், உள்ளிருப்புப் போராட்டம் ஆகிய அனைத்தும் தடைசெய்யப்பட்டவை என உள்துறை அமைச்சகம் 2011 மார்ச்சில் அறிவித்தது. ஆகவே ஊரில் பதிவுபெற்ற கட்சியாயினும், அதன் கொடி இங்குப் பொது இடத்தில் பறக்கும்போது அது ஓர் அரசியல் செயலாகவே பார்க்கப்படும். தேர்தல் முடிவு வெளியாகும் நாளில் வாகனங்களில் கொடி கட்டி ஊர்வலம்போல் செல்வது, தெருவில் வெடி வெடிப்பது போன்றவற்றை எக்காரணம் கொண்டும் செய்யலாகாது. வீட்டினுள் நண்பர்கள் சிலருடன் அமர்ந்து தொலைக்காட்சியில் முடிவுகளைப் பார்ப்பதைத் தெருவுக்குக் கொண்டுவரத் தேவையில்லை.

கொடி பற்றி மேலும் ஒரு சொல். சவூதி அரேபியாவின் தேசியக் கொடியில் இஸ்லாத்தின் நம்பிக்கை உறுதிமொழி பொறிக்கப்பட்டுள்ளது. அதனாலேயே அக்கொடி துக்கத்தின்போதுகூடத் தாழ்த்தப்படுவதில்லை. வணிக விளம்பரத்திற்கு அதனைப் பயன்படுத்தவும் தடை உண்டு. ‘நன்றி சவூதி’ என்னும் நல்லெண்ணத்துடன் ஒருபுறம் அக்கொடியையும் மறுபுறம் தம் தலைவரின் படத்தையும் அமைத்துப் பதாகை தயாரிக்கும் வழக்கம் நம்மவரிடம் காணப்படுகிறது. எண்ணம் நல்லதாயினும் விளைவு அவ்வாறு அமையாது. செப்டம்பர் 23 தேசிய நாளில் கொடியேற்றுவோர் அதனைத் தனித்தே ஏற்றுக. தரையில் விழவோ மிதிபடவோ விடற்க.

கைப்பேசிக்கும் இது பொருந்தும். சுவரில் ஒட்டாததை வாட்ஸ்அப் குழுவில் ஒட்டலாம் என்பது பலரின் எண்ணம். 2007ஆம் ஆண்டின் இணையக் குற்றத் தடுப்புச் சட்டத்தின் 6ஆம் பிரிவு, பொது ஒழுங்கு, சமய விழுமியங்கள், பொது ஒழுக்கம், தனிமனித அந்தரங்கம் ஆகியவற்றுக்குக் கேடு விளைவிக்கும் உள்ளடக்கத்தை உருவாக்குவதோடு அனுப்புவதையும் குற்றமாக்குகிறது. தண்டனை ஐந்தாண்டு வரை சிறை, 30 லட்சம் ரியால் வரை அபராதம், அல்லது இரண்டும். ஊர்த் தேர்தலின் சூட்டில் சாதியையோ சமயத்தையோ இழித்துரைக்கும் படம் ஒன்று குழுவில் வந்து விழும்போது, அதனை அடுத்த குழுவுக்குத் தள்ளிவிடுபவரும் ‘அனுப்பியவர்’ ஆகிறார். உருவாக்கியவர் ஊரில் இருக்கிறார், தமக்குப் பொறுப்பில்லை என்று அவர் கூறமுடியாது.

ஊரில் ஒட்டப்படும் சுவரொட்டி

இந்தியாவில் தேர்தல் அறிவிக்கப்பட்ட நொடியிலிருந்து நடத்தை விதிமுறைகள் நடைமுறைக்கு வருகின்றன. அரசுக் கட்டடங்களிலுள்ள அரசியல் விளம்பரங்கள் 24 மணி நேரத்திலும், பேருந்து நிலையம், தொடர்வண்டி நிலையம், மின்கம்பம் போன்ற பொது இடங்களிலுள்ள அனுமதியற்றவை 48 மணி நேரத்திலும், தனியார் இடங்களிலுள்ள அனுமதியற்றவை 72 மணி நேரத்திலும் அகற்றப்பட வேண்டும். 2024 மக்களவைத் தேர்தல் மார்ச் 16 அன்று அறிவிக்கப்பட்டது. அக்கணக்கின்படி மார்ச் 19க்குள் தமிழ்நாட்டின் சுவர்கள் வெறுமையாகியிருக்க வேண்டும். தனியாரின் நிலம், கட்டடம், சுற்றுச்சுவர் எதனையும் உரிமையாளரின் இசைவின்றிப் பயன்படுத்தலாகாது என்பதும் நடத்தை விதிகளுள் ஒன்று. இவையன்றித் தமிழ்நாட்டிற்கெனத் திறந்த வெளி இடங்கள் அழகு சீர்குலைப்புத் தடுப்புச் சட்டம் 1959 முதலே உள்ளது. அறுபது ஆண்டுகளுக்கு மேலாகச் சட்டம் இருந்தும் சுவர்கள் அவ்வாறிருந்தன என்பதிலிருந்து, குறை சட்டத்தில் இல்லை என்பது புலனாகும்.

இனி, ‘வளைகுடா வாழ் நண்பர்கள் சார்பில்’ என்னும் வாசகத்திற்கு வருவோம். இங்கிருந்து பணம் அனுப்பி ஊரில் சுவரொட்டி அச்சிடுவோர் கவனிக்க வேண்டியவை இரண்டு.

முதலாவது, மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 1951இன் 127-அ பிரிவு. தேர்தல் சுவரொட்டி, துண்டறிக்கை எதுவாயினும் அச்சிட்டவர், வெளியிடுபவர் ஆகிய இருவரின் பெயரும் முகவரியும் அதன் முகப்பில் இருக்க வேண்டும். அச்சகத்தார், வெளியிடுபவரிடமிருந்து அவர் யார் என்பதை உறுதிப்படுத்தும் கையெழுத்திட்ட உறுதிமொழியை இரண்டு படிகளாகப் பெறவேண்டும். அவரை நேரில் அறிந்த இருவர் அதில் சான்றளிக்க வேண்டும். அச்சிட்டபின் உறுதிமொழியின் ஒரு படியும் சுவரொட்டியின் ஒரு படியும் மாவட்ட ஆட்சியருக்குச் செல்லவேண்டும். மாநிலத் தலைநகரில் அச்சிட்டதாயின் தலைமைத் தேர்தல் அலுவலருக்கு. மீறினால் ஆறு மாதம் வரை சிறை, 2,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ‘சவூதி வாழ் நண்பர்கள்’ என்பது பெயரும் அன்று, முகவரியும் அன்று. அல் கோபாரில் இருக்கும் ஒருவர் சிவகாசி அச்சகத்தில் கையெழுத்திடவும் இயலாது. எனவே அத்தகைய சுவரொட்டி ஒன்று ஊரில் ஒட்டப்பட்டால், பெரும்பாலும் அச்சகத்தாரும் உள்ளூரில் உதவிய நண்பருமே மாட்டிக்கொள்வர்.

இரண்டாவது, செலவுக் கணக்கு. தமிழ்நாட்டில் மக்களவை வேட்பாளர் 95 லட்சம் ரூபாயும், சட்டமன்ற வேட்பாளர் 40 லட்சம் ரூபாயும் வரை செலவிடலாம் என்பது 2022 முதல் உள்ள வரம்பு. வேட்பாளருக்காக வேறொருவர் விளம்பரம் வெளியிட வேண்டுமெனில் வேட்பாளரின் எழுத்துமூல இசைவு வேண்டும். இசைவின்றிச் செலவிடுவது பாரதிய நியாய சன்ஹிதாவின் 176ஆம் பிரிவின்படி குற்றம். இது முன்பு இந்தியத் தண்டனைச் சட்டத்தில் இருந்த பிரிவே. வேட்பாளர் இசைவளித்தால் அச்செலவு அவர் கணக்கில் ஏறும். இசைவளிக்கவில்லை என்றால் ஒட்டியவர் குற்றவாளி. அன்பின் மிகுதியால் ஆயிரம் சுவரொட்டி அடித்துத் தரும் நண்பர், இவ்விரண்டில் ஒன்றை வேட்பாளரின் தலையில் வைக்கிறார்.

பணம் பற்றியும் ஐயம் உண்டு. வெளிநாட்டில் வாழும் இந்தியக் குடிமகன் தம் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாகக் கட்சிக்கு நன்கொடை அளிப்பது அயல்நாட்டு நன்கொடையாகக் கருதப்படுவதில்லை. வேறு நாட்டுக் குடியுரிமை பெற்றுவிட்டவர் அளிப்பது அயல்நாட்டு நன்கொடையே. அதனைக் கட்சியோ வேட்பாளரோ பெறலாகாது. ஆனால் இங்கு அறை அறையாகச் சென்று தேர்தல் நிதி திரட்டுவது முற்றிலும் வேறு செயல். உரிமமின்றி நன்கொடை திரட்டுவது சவூதி அரேபியாவில் குற்றமாகும். தம் பணத்தைத் தாமே அனுப்பலாம். பிறர் பணத்தைத் திரட்டலாகாது.

விழுந்தவை

இத்தனை விதிகளும் வெறும் அழகுக்காக ஏற்பட்டவை என்று எண்ணற்க. 2017 நவம்பரில் கோயம்புத்தூர் அவிநாசி சாலையில், அரசு விழா ஒன்றுக்காகச் சாலையை ஆக்கிரமித்து அமைக்கப்பட்ட அலங்கார வளைவின் அருகே விபத்துக்குள்ளாகி ஒரு பொறியாளர் உயிரிழந்தார். அவர் அமெரிக்காவில் பணிபுரிந்தவர். விடுமுறையில் ஊர் வந்திருந்தார். 2019 செப்டம்பர் 12 அன்று சென்னை பள்ளிக்கரணையில், திருமண வாழ்த்துக்காகச் சாலைநடுத் திட்டில் அனுமதியின்றி வைக்கப்பட்ட பதாகை காற்றில் பெயர்ந்து, இருசக்கர வாகனத்தில் சென்ற 23 வயது மென்பொருள் பொறியாளர் மீது விழுந்தது. நிலைகுலைந்து விழுந்த அவர்மீது பின்னால் வந்த தண்ணீர் லாரி ஏறியது. வேலை முடிந்து வீடு திரும்பிய வழியில் அவர் இறந்தார்.

இரண்டும் தேர்தல் பதாகைகள் அல்ல என்பதைக் கவனிக்க வேண்டும். தேர்தல் காலத்தில் ஆணையத்தின் கண்காணிப்பால் அடங்கியிருக்கும் வழக்கம், தேர்தல் இல்லாத ஆண்டுகளில் திருமணம், காதணி விழா, பிறந்தநாள் என்ற பெயர்களில் அரசியலார் படங்களுடன் திரும்பிவிடுகிறது. சமூக ஆர்வலர் டிராபிக் ராமசாமி இதனை எதிர்த்துப் பல்லாண்டுகள் நீதிமன்றப் படிகளை ஏறியவர். பதாகைகளைத் தம் கையாலேயே கிழித்தவர். அவர் தொடர்ந்த வழக்கில், அரசியல் கட்சிகள் பதாகை வைப்பதற்குச் சென்னை உயர் நீதிமன்றம் 2018 டிசம்பரில் மாநிலம் முழுதும் தடை விதித்தது. பள்ளிக்கரணை மரணம் அத்தடைக்கு ஒன்பது மாதங்களுக்குப் பின் நிகழ்ந்தது. அதன்பிறகே கட்சித் தலைமைகள் பலவும் தம் தொண்டர்களைப் பதாகை வைக்க வேண்டாம் என்று வெளிப்படையாகக் கேட்டுக்கொண்டன. விடுமுறையில் செல்லும் நமக்கு வரவேற்புப் பதாகை வைக்கவும், இல்லத் திருமணத்திற்குச் சாலையில் தட்டி நிறுத்தவும் உறவினர் முனைவர். “வேண்டாம்” என்று தொலைபேசியிலேயே சொல்லிவிடுவது நம் கையில் இருக்கிறது.

இலங்கையின் விதி

இலங்கைத் தமிழர் கவனிக்க வேண்டிய சட்டம், 1981ஆம் ஆண்டின் 1ஆம் இலக்க நாடாளுமன்றத் தேர்தல்கள் சட்டம். இவ்விடயத்தில் அது இந்தியச் சட்டத்தினும் கண்டிப்பானது. வேட்புமனு நாள் தொடங்கித் தேர்தல் முடியும்வரை, பொது இடமாயினும் தனியார் இடமாயினும் வேட்பாளரின் படம், சின்னம், கொடி, சுவரொட்டி எதனையும் பரப்புரைக்காகக் காட்சிப்படுத்தத் தடை உண்டு. அன்றைய தினம் கூட்டம் நடைபெறும் இடமும், வேட்பாளர் பயணிக்கும் வாகனமும் விலக்குப் பெற்றவை. சொந்த வீட்டு மதிலில் ஒட்டினாலும் குற்றம் என்பது புலம்பெயர்ந்தோர் பலர் அறியாதது. 2024இல் செப்டம்பர் 21 அன்று சனாதிபதித் தேர்தலும், நவம்பர் 14 அன்று நாடாளுமன்றத் தேர்தலும் நடந்தன. இவற்றோடு 2023ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கத் தேர்தல் செலவின ஒழுங்குபடுத்தல் சட்டமும் இப்போது உண்டு. வெளிநாட்டிலிருந்து வாக்களிக்க இலங்கையர்க்கு வசதி இல்லை. தம் பெயருள்ள வாக்கெடுப்பு நிலையத்திற்கு நேரில் செல்லவேண்டும்.

ஏற்கெனவே ஒட்டப்பட்டிருப்பின்

நம் குடியிருப்பின் வாயிலிலோ கடையின் சுவரிலோ வேறு யாரோ ஒட்டிச் சென்ற சுவரொட்டியைக் கண்டால் காத்திருக்க வேண்டாம். உடனே கட்டட உரிமையாளரிடமோ கேம்ப் பொறுப்பாளரிடமோ தெரிவிக்க வேண்டும். பொதுச் சுவர், கம்பம், பூங்கா ஆகியவற்றில் இருப்பின் நகராட்சிச் சேவைக்கான 940 என்ற எண்ணில் தெரிவிக்கலாம். தாமே கிழிக்க முயன்று, அதனைப் படம் பிடித்துக் குழுக்களில் பரப்பி, எதிர்க் கட்சியினரோடு சண்டைக்கு வழிவகுத்தல் ஆகாது. துக்பாவின் நெருக்கமான தெருக்களில் ஒரே தளத்தில் நான்கு கட்சி அன்பர்கள் ஒரே சமையலறையைப் பகிர்ந்து வாழ்கின்றனர் என்பதை மறக்கலாகாது.

வாக்களிக்க விரும்புவோர்க்கு

சுவரொட்டியில் பெயர் இடம்பெறுவதைக் காட்டிலும் வாக்காளர் பட்டியலில் பெயர் இருத்தல் முதன்மையானது. 2010இல் திருத்தப்பட்ட சட்டத்தின்படி, வேலைக்காகவோ கல்விக்காகவோ வெளிநாட்டில் வாழும் இந்தியக் குடிமக்கள், வேறு குடியுரிமை பெறாதவரை, அயலக வாக்காளராகப் பதிவு செய்யலாம். அதற்கான விண்ணப்பம் படிவம் 6-அ. தேர்தல் ஆணையத்தின் இணையத் தளத்திலேயே அதனை நிரப்பலாம். கடவுச்சீட்டிலுள்ள இந்திய முகவரிக்குரிய தொகுதியில் பெயர் சேரும். அயலக வாக்காளருக்கு வாக்காளர் அடையாள அட்டை வழங்கப்படுவதில்லை. வாக்குச்சாவடியில் கடவுச்சீட்டின் மூலத்தைக் காட்டவேண்டும்.

ஊரிலுள்ள பழைய பட்டியலில் பெயர் இருக்கிறது என்று வாளாவிருப்போர் அதனை ஒருமுறை சரிபார்த்தல் நலம். 2025 நவம்பரில் தமிழ்நாட்டில் தொடங்கிய சிறப்புத் தீவிரத் திருத்தம்போன்ற வேளைகளில், வீட்டில் நேரில் காணப்படாதவர்களின் பெயர்கள் நீக்கத்திற்கு உள்ளாகின்றன. வெளிநாட்டில் வேலை செய்பவர் நேரில் காணப்படாதவரே.

வாக்களிக்க ஊர் செல்வோர், வாக்குப்பதிவு நாள் அறிவிக்கப்பட்டவுடன் விடுப்பைக் கேட்பதே முறை. இந்தியாவில் அறிவிப்புக்கும் முதற்கட்ட வாக்குப்பதிவுக்கும் இடையே ஏறத்தாழ ஐந்து வாரங்களே கிடைக்கின்றன. 2024இல் மார்ச் 16 அன்று அறிவிப்பு வந்தது. தமிழ்நாடு ஏப்ரல் 19 அன்று வாக்களித்தது. 2021 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சீர்திருத்தத்தின்படி, வெளியேறி மீளும் விசாவுக்குத் தனியார் நிறுவனத் தொழிலாளர் தாமே விண்ணப்பிக்கலாம். வீட்டுப் பணியாளர்க்கும் வீட்டு ஓட்டுநர்க்கும் இது பொருந்தாது. அவர்கள் கஃபீலிடம் முன்கூட்டியே பேசவேண்டும். கடவுச்சீட்டைத் தொழிலாளியின் விருப்பத்திற்கு மாறாகத் தம்மிடம் வைத்திருக்க எந்த நிறுவனத்திற்கும் உரிமையில்லை. வாக்குச்சாவடியில் அதன் நகல் ஏற்கப்படாது ஆதலால், பயணச்சீட்டு எடுக்குமுன் மூலக் கடவுச்சீட்டு கைவசம் உள்ளதா என்பதையும், அதிலுள்ள முகவரி தம் தொகுதிக்குரியதா என்பதையும் பார்த்துக்கொள்க.